லயத்துக்கு முளைத்த கால்

அண்ணி ஐவி வாங்கிய ஜன்னல் சட்டம் இஸ்தோப்பில், வாசல் திண்ணையில், சுவரோடு சாத்திக் கிடந்தது. தலவாக்கலையில் யாரோ பழைய கட்டடத்தை இடித்தபோது கிடைத்த நல்ல மரச்சட்டம். கண்ணாடி இல்லை, கம்பி உண்டு. கோழிகள் அதில் ஏறி உட்கார்ந்து எச்சம் போட்டன. பக்கத்துக் காம்பராப் பிள்ளைகள் கம்பிக்குப் பின்னால் நின்று ஜெயில் விளையாட்டு விளையாடினார்கள். சுவரில் ஏறுவதைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் அது பயன்பட்டது.

எங்கள் ஊசிக்கல் தோட்டம் திம்புள்ளப் பக்கம். பத்தாம் நம்பர் லயம்தான் தோட்டத்திலேயே பழையது. வெள்ளைக்காரன் கருங்கல்லில் கட்டியது. ஒரே நீளக் கூரை, அதன் கீழே வரிசையாகக் காம்பராக்கள், குடும்பத்துக்கு ஓர் அறை. காம்பராவுக்கு ஒரு கதவு. ஜன்னல் கிடையாது. அடுப்பு பின்சுவரோடு இருக்கும். விறகை மூட்டினால் புகை வீடு முழுவதையும் சுற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் முன்கதவு வழியாக நிதானமாக வெளியேறும். எங்கள் அம்மா இருமி இருமித்தான் போனார். ஆஸ்பத்திரியில் டாக்டர், "எத்தன வருஷமா சிகரெட் குடிக்கிறாங்க?" என்று கேட்டார். பக்கத்து வீட்டுப் பீடி வாசனைக்கே கதவைச் சாத்துகிற ஆள் அம்மா.

அம்மாவுக்குப் பிறகு அடுப்பு அண்ணியின் கைக்கு வந்தது. போன மழைக்கு இருமலும் வந்தது. கேஸ் அடுப்பு இருக்கிறது. அது விருந்தாளிக்குத் தேத்தண்ணி போட.

"உங்கம்மா மாதிரி நான் போக மாட்டேன். எனக்கு ஒரு ஜன்னல் வேணும்," என்று அண்ணனிடம் சொன்னார் அண்ணி. அண்ணன் நிதுஷன் நானுஓயா ஸ்டேஷனில் வேன் ஓட்டுகிறவன். வெளிநாட்டுக்காரர்களுக்கு நாள் முழுக்க ஜன்னல் வழியாக மலையைக் காட்டிவிட்டு, ஜன்னலில்லாத வீட்டுக்கு வந்து படுப்பான். அவன்தான் அந்தச் சட்டத்தை வேனின் மேல் கட்டிக் கொண்டுவந்தான்.

எனக்கு ஜன்னல் தேவையில்லை. நான் தேயிலை அரைக்கிற ஸ்டோரில் ராத்திரி ஷிப்டு. பகலில் தூங்குகிறவனுக்கு இருட்டு ஒரு வசதி. இதை ஒருதரம் சொல்லியும் பார்த்தேன்.

"அப்ப நீ ஒரு சவப்பெட்டி வாங்கிப் படு தம்பி. அதுலயும் ஜன்னல் இருக்காது," என்றார் அண்ணி.

லயம் கம்பெனிக்குச் சொந்தம். சுவரைத் தொட வேண்டுமானால் தோட்டத்து மேனேஜர் தொரையின் அனுமதி வேண்டும். அண்ணி காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் கேட்டார், ஆபீசில் கேட்டார், மாதா திருவிழாவுக்கு வந்த தொரையைக் கோயில் வாசலில் மறித்துக் கேட்டார். மாதாவுக்கு முன்னால் இல்லை என்று சொல்ல முடியாமல் தொரை தலையை ஆட்டினார். வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் மேசன் அழகன் உளியோடு வருவதாக ஏற்பாடு.

அந்த வாரம்தான் மரபுரிமைக் குழு வந்தது.

கொழும்பில் இருந்து இயங்கும் குழு. உலகம் முழுக்கப் பழைய கட்டடங்களைப் பாதுகாக்கப் பணம் தருகிற ஆட்களோடு சேர்ந்து வேலை செய்கிறார்கள். கோட்டை, கோயில், பங்களா எல்லாவற்றையும் பாதுகாத்து முடிந்து, தொழிலாளர்கள் வாழ்ந்த இடங்களையும் பாதுகாக்க வேண்டும் என்று முடிவெடுத்தார்களாம். நல்ல முடிவுதான். 'வாழ்ந்த' என்பதில்தான் சிக்கல். நாங்கள் இன்னும் காலி செய்யவில்லை.

குழுவின் கள அலுவலர் சுலக்ஷனா என்கிற இளம் பெண். கொழும்புத் தமிழ், மலைக்கு ஏற்ற சப்பாத்து, கையில் ஒரு டேப்லட். எங்கள் பின்சுவரைத் தடவிப் பார்த்தபோது அவர் முகம், பூசையில் நன்மை அப்பம் வாங்குகிறவர் முகம் மாதிரி இருந்தது.

"இந்தச் சுவரை யாருமே தொட்டதில்லை அக்கா. நூறு வருஷத்துக்கு மேல அப்படியே இருக்கு. இது ரொம்ப அபூர்வம்."

"தொட விட்டாத்தானே மிஸ்," என்றார் அண்ணி. "ஞாயித்துக்கெழம தொடப்போறோம். ஜன்னல் வைக்கிறோம்."

சுலக்ஷனாவின் கை சுவரிலேயே நின்றுவிட்டது. கம்பெனியின் சம்மதத்தோடு லயம் பாதுகாக்கப்பட்ட கட்டடமாகப் பதிவாகிவிட்டது, தொரையின் அனுமதி இனிச் செல்லாது என்றார். ஒழுகுகிற கூரையைக் குழு சரிசெய்து கொடுக்கும். பதிலுக்கு யாரும் எதையும் மாற்றக் கூடாது. தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் முத்துலிங்கம் கூரைக்கு ஆசைப்பட்டுக் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

"ஆணி அடிக்கலாமா மிஸ்?"

"ஏற்கனவே இருக்கிற ஆணின்னா பரவாயில்லை."

"செவுத்துக்குப் பெயிண்டு?"

"வேண்டாம் அக்கா. அசல் நிலை கெட்டுடும்."

"இந்தப் பொகையும் அசல்தான். வெள்ளக்காரன் காலத்துல இருந்து இதே பொகதான். அதையும் பாதுகாப்பீங்களா?"

சுலக்ஷனா சிரித்தார். உடனே இருமினார். அண்ணி அப்போதுதான் ரொட்டிக்கு அடுப்பை மூட்டியிருந்தார். அந்தப் பிள்ளை இஸ்தோப்புக்கு ஓடி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அங்கேயே நின்று ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டது. கெட்ட பிள்ளை என்று சொல்ல மாட்டேன். ஜன்னலுக்கு விசேஷ அனுமதி கேட்டுக் கொழும்புக்கு எழுதவும் செய்தார். ஒரு காம்பராவுக்குக் கொடுத்தால் எல்லாரும் கேட்பார்கள் என்று பதில் வந்தது. சரியான பதில். எல்லாரும் கேட்கத்தான் கேட்பார்கள்.

அழகன் ஞாயிற்றுக்கிழமை உளியோடு வந்து, கோழிக்கறி சாப்பிட்டுவிட்டு உளியோடு போனான்.

அப்புறம் பலகை வந்தது. திறப்பு விழாவுக்கு வெளிநாட்டு விருந்தினர்கள் வருவதால் அதற்கு முன்பே லயத்தின் முகப்பில் பலகையை நட்டுவிட வேண்டுமாம். லொறியில் வந்தது. கல்லறைக் கல் மாதிரி கனம், கறுப்பு நிறம், அதில் பொன்னிற எழுத்து, மூன்று மொழி. தலைவர் முத்துலிங்கம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கூடியிருந்தவர்களுக்காகச் சத்தமாக வாசித்தார்.

"பாதுகாக்கப்பட்ட மரபுரிமைச் சின்னம். தேயிலைத் தோட்ட லா..."

நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டார்.

"லாயம்."

"லயம்னு வாசிங்க தலைவரே," என்றான் அழகன்.

"எழுதியிருக்கறதத்தானேடா வாசிக்க முடியும்? லாயம்னு போட்டிருக்கான். குதிர கட்டுற எடம்!"

சிங்களத்தில் பார்த்தால் அங்கேயும் 'இஸ்தாலய'. இங்கிலீஷிலும் ஸ்டேபிள். மூன்று மொழியிலும் ஒற்றுமையாகக் குதிரை.

கூட்டத்தில் எங்கிருந்தோ ஒரு கனைப்பு. அவ்வளவுதான். மறுநாள் காலையில் கொழுந்தெடுக்கக் கிளம்பிய பெண்களைப் பார்த்துக் கீழ்லயத்துக்காரர்கள், "ஏய், ரேசு எத்தன மணிக்கு?" என்று கத்தினார்கள். கொழுந்து மலையில் மேற்பார்வை பார்க்கிற கண்டாக்கு வீரய்யா தன் பங்குக்கு, "பத்தாம் நம்பருக்கு இன்னிக்குப் புல்லு போட்டாச்சா?" என்றார். அண்ணி, "மொதல்ல ஒங்களுக்கு லாடம் அடிக்கணும், காலக் காட்டுங்க," என்றதும் அவர் வேறு மலைக்குப் போய்விட்டார்.

தலைவருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. பலகையைப் பிடுங்காவிட்டால் திறப்பு விழாவில் கறுப்புக் கொடி என்று அறிவித்தார்.

சுலக்ஷனா அடுத்த நாளே ஓடி வந்தார். முகம் வெளுத்திருந்தது. இஸ்தோப்பில் உட்கார வைத்து அண்ணி தேத்தண்ணி கொடுத்தார், கேஸ் அடுப்பில் போட்டது. நான் தூக்கம் கெட்டுக் கதவில் சாய்ந்து நின்றேன். தலைவர் உட்கார மறுத்தார்.

"நான் லயம்னுதான் எழுதினேன் ஐயா," என்றார் சுலக்ஷனா. "பிழைதிருத்த சென்னைக்கு அனுப்பினாங்க. அங்க லயம்னா தாளம், சங்கீதம். தாளத்துக்குள்ள மனுசங்க எப்படிக் குடியிருப்பாங்கன்னு திருத்துறவருக்குக் குழப்பம். யாரோ கால் போட மறந்துட்டாங்கன்னு நெனச்சு ஒரு கால் போட்டுட்டார். அதப் பார்த்துத்தான் சிங்களம், இங்கிலீஷ் எல்லாம் செஞ்சிருக்காங்க."

"அவரு கால் போட்டதுக்கு நாங்க நாலு கால்ல நிக்கணுமா?" என்றார் தலைவர்.

"மாத்திடுவோம் ஐயா. முதல்ல பதிவ மாத்தணும். பதிவுல என்ன இருக்கோ அதுதான் பலகையில வரும்." டேப்லட்டைத் திறந்தார்.

அண்ணி எட்டிப் பார்த்தார். "பதிவுல நாங்க என்னான்னு இருக்கு?"

"கட்டட வகை, குதிரை லாயம்."

"அப்ப இந்த நிமிசம் சட்டப்படி இது குதிர லாயம்."

"சட்டப்படின்னா... ஆமா அக்கா."

"குதிர லாயத்துல ஜன்னல் வைக்கலாமா?"

சுலக்ஷனா விரலால் திரையைத் தள்ளிக்கொண்டே போனார். ஒவ்வொரு வகைக் கட்டடத்துக்கும் எந்தெந்த வேலை செய்யலாம் என்று குழுவுக்கு விதி இருக்கிறதாம். ஓரிடத்தில் நின்று, மெதுவாக வாசித்தார்.

"லாயங்களில் காற்றோட்டத்துக்கான ஜன்னல்கள் கட்டடத்தின் இயல்பான பகுதி. அவை இல்லாத இடத்தில் அமைத்துக்கொள்ளலாம்."

கோழி ஒன்று சட்டத்திலிருந்து குதித்த சத்தம் கேட்டது.

"நான் தங்கியிருக்கிற பெரிய பங்களாவுக்குப் பின்னால பழைய லாயம் ஒண்ணு இருக்கு," என்றார் சுலக்ஷனா. "இப்ப ஹோட்டலோட சாப்பாட்டு ரூம். காலையில அங்கதான் சாப்பிடுறேன். நல்ல வெளிச்சம். குதிரைக்கு ஒண்ணுன்னு வரிசையா ஜன்னல்." எங்கள் சுவரைத் திரும்பிப் பார்த்தார். "இந்த லயத்தக் கட்டின ஆள்தான் அதையும் கட்டியிருக்கார். இதே கல்லு."

"குதிரைய காசு குடுத்து வாங்கியிருப்பான். செத்தா நட்டம்," என்றார் அண்ணி. "குடிச்சிட்டுக் கிளாசத் தாங்க மிஸ்."

சுலக்ஷனா கிளாசைக் கொடுக்காமல் யோசித்துக்கொண்டிருந்தார். பிறகு, பதிவில் உள்ள வகைக்கு ஏற்றபடி விண்ணப்பம் போடுவதில் பொய் எதுவும் இல்லை என்றார். தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி. விண்ணப்பம் கட்டடம் முழுவதற்கும்தான் போட முடியும், ஒரு காம்பராவுக்கு மட்டும் முடியாது என்றார். ஆனால் பதிவைத் திருத்தினால் அந்த அனுமதி செத்துவிடும். வைத்த ஜன்னலையும் மூடச் சொல்வார்கள்.

"திருத்தச் சொல்லி நான்தான் எழுதணும். இன்னும் எழுதல்ல." எழுந்தார். "தலை வலிக்குது. காய்ச்சல் வரப்போகுதுன்னு நினைக்கிறேன். விழா வரைக்கும் இருக்கும்போல."

"நல்லா ரெஸ்ட் எடுங்க மிஸ்," என்றார் அண்ணி.

விண்ணப்பம் போய், விதிப்படி அனுமதியும் வந்துவிட்டது. அழகன் மறுபடி உளியோடு வந்தான். இந்தத் தரம் முதலில் வேலை, அப்புறம்தான் சாப்பாடு என்று அண்ணி சொல்லிவிட்டார். நான் ஷிப்டு முடிந்து வந்து படுத்திருந்தேன். தலைக்கு அந்தப் பக்கம் டங் டங் என்று சுவர் அலறியது. வெள்ளைக்காரன் கல்லைச் சும்மா வைக்கவில்லை. மத்தியானம் முதல் கல் வெளியே விழுந்தபோது, காம்பராவுக்குள் வெயில் ஒரு பலகை மாதிரி சாய்ந்து வந்து விழுந்தது. என் முகத்தில்தான்.

அண்ணி சந்தோஷப்பட்டிருப்பார் என்று நினைப்பீர்கள். சுவரைப் பார்த்துத் திட்டத் தொடங்கினார். புகை எவ்வளவு கரியை அப்பியிருக்கிறது என்பது அன்றுதான் தெரிந்தது. துடைக்கத் துடைக்கத் துணி கறுத்தது, சுவர் வெளுக்கவில்லை. சாயங்காலம் சட்டத்தைப் பொருத்தி, அடுப்பை மூட்டினார். புகை வழக்கம்போல முன்கதவை நோக்கிக் கிளம்பியது. ஜன்னலைக் கண்டுபிடிக்க அதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. பழக்கம் இல்லை. பிறகு கண்டுபிடித்துவிட்டது.

அன்றிரவு என் ஷிப்டுக்குக் கிளம்பும்வரை அண்ணி இருமவில்லை. அதனால் இருமல் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். அன்று இருமவில்லை.

லயத்துப் பெண்கள் வரிசையாக வந்து பார்த்தார்கள். தலைவரின் மனைவி பூரணி அக்கா இரண்டு தரம் வந்தார். இரண்டாவது தரம் முழம் போட்டு அளந்து பார்த்தார்.

தலைவர் மட்டும் வரவில்லை. அவருக்குப் பலகைதான் நெஞ்சில் நின்றது. கொழும்புக்குப் போன் போட்டார். சம்பந்தப்பட்ட அலுவலர் சுகவீனம் என்றார்கள். விழாவுக்கு முதல் நாள் காலையில் ஒரு கையில் அரமும் மறுகையில் கறுப்புப் பெயிண்டுமாகப் பலகைக்குப் போனார். ஷிப்டு முடிந்து வந்த நான் பார்த்துவிட்டு அண்ணியிடம் சொன்னேன். அண்ணி கொழுந்துக் கூடையோடு ஓடினார்.

"தொடாதீங்க தலைவரே!"

"தள்ளு ஐவி. கொழும்பு திருத்தாட்டி நான் திருத்துறேன். ஒரு காலுதானே, சொரண்டிட்டா போச்சு."

"அந்தக் கால் போனா கொழும்புல பதிவையும் திருத்திருவாங்க, என் ஜன்னலு போச்சு."

"ஒன் ஒரு ஜன்னலுக்காக இங்க இருக்கற அத்தன பேரும் குதிரைன்னு பேரு எடுக்கணுமா? நாளைக்கு வெளிநாட்டுக்காரன் போட்டோ புடிச்சு ஒலகமெல்லாம் காட்டுவான். நம்ம பாட்டன் பூட்டன் எல்லாம் குதிரையாயிருவான். இதுக்கா நான் தலைவரா இருக்கேன்?"

அவர் சொன்னதில் பிழை இல்லை. அந்தப் பலகையைக் கடக்கும்போதெல்லாம் எனக்கும் எரிச்சல்தான். ஒருவனுடைய வீட்டு வாசலில் அவன் மிருகம் என்று பொன்னெழுத்தில் எழுதி வைத்துவிட்டு, அதில் கை வைக்காதே என்றால் யாருக்குத்தான் எரியாது? கூடி நின்றவர்களிலும் பாதிப்பேர் தலைவர் பக்கம். "சொரண்டுங்க தலைவரே," என்று ஒரு குரல் வந்தது.

அண்ணி பலகையில் முதுகைச் சாய்த்துக்கொண்டார். இரண்டு கையையும் விரித்து ஓரங்களைப் பிடித்துக்கொண்டார். சிலுவையில் அறைந்த மாதிரி இருந்தது, முகத்தைத் தவிர. முகத்தில் அந்தப் பொறுமை இல்லை.

"தலைவரே, குதிரைன்னு எழுதுனான், ஜன்னல் குடுத்தான். லயம்னு எழுதி வச்சிருந்த காலத்துல என்னா குடுத்தான்? ஒரு ஓட்டையாவது குடுத்தானா?"

"அதுக்காக மானத்த விக்கச் சொல்றியா?"

"மானத்துக்கும் இருமல் வருது. பூரணி அக்கா ராத்திரியில இருமுறது என் காம்பரா வரைக்கும் கேக்குது. ஒங்களுக்குக் கேக்கலியா?"

தலைவர் அரத்தைத் தூக்கினார். அண்ணி நகரவில்லை. அடிக்கிற ஆள் இல்லை தலைவர். ஆனால் தூக்கிய கையை எங்கே இறக்குவது என்று அவருக்குத் தெரியவில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பூரணி அக்கா வந்தார். யாரையும் பார்க்கவில்லை. நேராகப் போய்த் தலைவரின் கையிலிருந்த அரத்தை, மார்க்கெட்டில் கத்திரிக்காய் பொறுக்குகிற மாதிரி எடுத்துக்கொண்டார்.

"இது நம்ம வீட்டு அரம். கத்தி தீட்ட வேணும்," என்றார். "அழகன் செவுத்த அளந்துட்டான். நாளைக்கே வேலைக்கு வரச் சொல்லியிருக்கேன்."

"என்னயக் கேக்காமலா?"

"ஒங்களக் கேட்டா எந்திரிச்சுப் பேசுவீங்க. எனக்கு இருமிக்கிட்டே கேக்க முடியல்ல."

தலைவர் பெயிண்டு டின்னைப் பிடித்தபடி நின்றார். யாரோ எங்கோ கனைக்கப் பார்த்து, பக்கத்திலிருந்தவரிடம் அடி வாங்கினார். பெண்கள் ஒவ்வொருவராக நகர்ந்து அண்ணியின் பக்கம் வந்தார்கள். "எங்க காம்பராவுக்கும்தானே அந்த அனுமதி?" என்று ஒருத்தி மெதுவாகக் கேட்டாள். "லயம் முழுசுக்கும்," என்றார் அண்ணி, பலகையை விடாமலே. சொரண்டச் சொன்ன குரலும் அதற்குமேல் கேட்கவில்லை.

தலைவர் யாரிடமும் பேசாமல் திரும்பிப் போனார். அன்று முழுக்க வெளியே வரவில்லை. கறுப்புக் கொடி விஷயம் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியவில்லை. பலகையில் கால் நின்றது. ஆனால் நாளைக்கு அவர் வந்து எல்லாருக்கும் முன்னால் வாயைத் திறந்தால், பதிவும் போகும், ஜன்னலும் போகும்.

விழாவன்று மழை இல்லை, மூடுபனி மட்டும். இரண்டு பஸ், சில வேன் நிறைய விருந்தினர்கள். வேன் ஓட்டி வந்தவர்களில் அண்ணனும் ஒருவன். சுலக்ஷனா காய்ச்சல் தீர்ந்து சேலை கட்டி வந்திருந்தார். விருந்தினர்கள் லயத்தைப் பார்த்தார்கள், எங்களைப் பார்த்தார்கள், போட்டோ எடுத்தார்கள். ஒரு வெள்ளைக்கார அம்மா எங்கள் காம்பராவுக்குள் வந்து ஜன்னலைத் தடவி, எவ்வளவு அழகான பழைய வேலைப்பாடு என்றாராம். அண்ணன்தான் மொழிபெயர்த்தான். அண்ணி, "தேங்க்யூ மேடம்," என்றார்.

தலைவர் வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். கையில் கொடி இல்லை. முகமும் நல்லதாக இல்லை. பலகைக்குப் பக்கத்திலேயே நின்றார்.

கூட்டத்தில் கொழும்புத் தமிழ்ப் பத்திரிகைக்காரர் ஒருவர் இருந்தார். பலகையைக் குனிந்து வாசித்தார். நெற்றியைச் சுருக்கினார். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "இது எழுத்துப் பிழை இல்லையா? லயம்னுதானே வரணும்? எப்படி விட்டீங்க?" என்றார்.

சுலக்ஷனா தன் செருப்பைப் பார்த்தார். அண்ணி தலைவரைப் பார்த்தார். லயமே தலைவரைப் பார்த்தது.

தலைவர் பலகையைப் பார்த்தார். பிறகு, மைக் இல்லாமல் கூட்டத்தில் பேசுகிற அதே குரலில், "பிழை இல்லீங்க," என்றார்.

"லாயம்னா குதிரை கட்டுற இடமாச்சே?"

"அது ஒங்க கொழும்புத் தமிழ்ல. இது பழைய மலையகத் தமிழ். எங்க பாட்டன் காலத்துல கால் போட்டுத்தான் எழுதுவாங்க. இப்பத்தான் பொடியனுங்க சோம்பேறித்தனமா காலை விட்டுட்டாங்க."

"அப்படியா? கேள்விப்பட்டதே இல்லையே."

"நீங்க கேள்விப்படாததெல்லாம் நெறைய இருக்குங்க. எழுதிக்குங்க. இதையும் யாரும் மாத்தக் கூடாது. பாதுகாக்கப்பட்டது."

பத்திரிகைக்காரர் எழுதிக்கொண்டார். சுலக்ஷனாவுக்கு மறுபடி இருமல் வந்தது. இந்தத் தரம் புகை எதுவும் இல்லை.

விருந்தினர்களைத் தேத்தண்ணிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர்கள் முதுகு மறைந்ததும் லயத்துக்குள்ளே உளிச் சத்தம் கேட்டது. தலைவர் காது கொடுத்துக் கேட்டார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தன் காம்பரா வாசலுக்குப் போய் உள்ளே தலையை நீட்டினார்.

"அழகா, என்னாடா இவ்வளவு சின்னதா கோடு போட்டிருக்க?" என்றார். "பெருசா வையி."